அரக்கு நிறத்துக்கும் அரக்கனுக்கும் தொடர்பு உண்டா?

மெரூனைத் தமிழில் அரக்கு என்று சொல்லலாமா, அந்தச் சொல் அரக்கனிலிருந்து வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அரக்கனுக்கும் இந்த நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அரக்கு முதலில் ஒரு பொருளின் பெயர். புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் எள்ளைவிடச் சிறிய பூச்சிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அவை கசியவிடும் பிசின் கிளையைச் சுற்றிக் கெட்டியாகப் படிந்துவிடும். அதுதான் அரக்கு. அப்படி ஒரு குச்சி ஒருமுறை எனக்குக் கிடைத்தது. பார்வைக்குச் சொரசொரப்பான பழுப்புக் கட்டி, அவ்வளவுதான். உடைத்துப் பொடித்து வெந்நீரில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது! பூச்சியின் உடலில் இருக்கும் சாயம் நீரில் கரையும், பிசின் கரையாமல் அடியில் தங்கிவிடும். அந்தப் பிசின்தான் உறைகளில் முத்திரை வைக்கவும், பழைய இசைத்தட்டுகள் செய்யவும் பயன்பட்டது. எளிதில் தீப்பற்றும் என்பதால்தான் பாரதத்தில் பாண்டவர்களுக்கு அரக்கு மாளிகை கட்டினார்கள்.

பொருளின் பெயர் நிறத்தைக் குறிப்பதும் நமக்குப் புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் புழகு என்ற பூவை 'அரக்கு விரித்தன்ன' என்கிறார். அரக்கைப் பரப்பி வைத்ததுபோல என்று அர்த்தம். மூன்றே சொல்லில் நிறம் கண்முன் வந்துவிடுகிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? வடமொழியில் இதே பொருளுக்கு லாக்ஷா, ராக்ஷா என்று இரு வடிவங்கள் உண்டு. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் முன்னால் ஓர் அகரம் சேரும். ராஜன் அரசன் ஆனதும், ரங்கம் அரங்கம் ஆனதும் இப்படித்தான். ராக்ஷஸன் அரக்கன் ஆனதும் அதே வழியில்தான், அதனால்தான் இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கின்றன. சிவப்பைக் குறிக்கும் தமிழ் வேரிலிருந்தே அரக்கு வந்தது என்று வாதிடுபவர்களும் உண்டு. எனக்கு முதல் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

மெரூன் என்பது கஷ்கொட்டை (செஸ்ட்நட்) என்ற பழுப்புநிறக் கொட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, அதனால் அதில் பழுப்பு கொஞ்சம் தூக்கல். அரக்குக்கு உண்மையான உறவு கிரிம்சன் என்ற அடர்சிவப்புதான். கிர்மிஸ் என்ற அரபுச் சொல்லின் வழியாக வந்த பெயர் அது, அந்தச் சாயமும் ஒரு பூச்சியிலிருந்துதான் எடுக்கப்பட்டது.