மாடி வீட்டு ஏசிக்கு உங்கள் நகை எதற்கு அடகுக்குப் போக வேண்டும்?

கேள்வி: மதுரையில் மாமனார் கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனார் குடும்பம். இருவருக்கும் ஒரே மின் இணைப்பு. இரண்டு மாதத்துக்கு 980 யூனிட் ஓடி, பில் ₹6,600-ஐத் தாண்டுகிறது. சப்-மீட்டர் வைத்துப் பார்த்ததில் 560 யூனிட் மாடியுடையது. கொழுந்தனார் மாதம் ₹1,000 மட்டும் தருகிறார். கூடக் கேட்டால், “நமக்குள்ள என்ன அண்ணி கணக்கு?” என்கிறார். 3 கிலோவாட் சோலார் ₹2 லட்சம், மானியம் ₹78,000, பில் பூஜ்யம் என்று ஒருவர் சொல்கிறார். நகைக்கடன் வாங்கிப் போடலாமா? தண்ணீர்த் தொட்டி வேறு தினமும் நிரம்பி வழிகிறது.

பதில்: எல்இடி பல்பு, ஏசியை 26-இல் வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்கள் பணம் அங்கே போகவில்லை. இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் ஓடுவதுதான் கோளாறு.

2024 ஜூலை உயர்வுக்குப் பிந்தைய கட்டணத்தை வைத்துத் தோராயமாகப் பார்ப்போம். முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் அடுத்த 100-க்கு ₹2.35, பிறகு 400 வரை ₹4.70, 500 வரை ₹6.30. 500-ஐத் தாண்டினால் அந்த ₹2.35 சலுகை போய்விடும். அதற்கு மேல் ₹8.40, ₹9.45, ₹10.50 என்று ஏறிக்கொண்டே போகும். உங்கள் 980 யூனிட்டுக்கு ₹6,660 வருவது இப்படித்தான்.

மாடிக்குத் தனி இணைப்பு இருந்தால்? கீழே 420 யூனிட்டுக்கு ₹1,301. மாடியில் 560-க்கு ₹2,544. இரண்டும் சேர்ந்து ₹3,845. ஒரு ஸ்விட்சைக்கூட அணைக்காமல், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ₹2,800 மிச்சம். கொழுந்தனார் இப்போது தரும் ₹2,000-க்கு மேல் அவருக்கு ₹544தான் கூடுகிறது. மாடியில் 60 யூனிட் குறைத்து 500-க்குள் வந்துவிட்டால் அவர் பில்லே ₹1,805 ஆகிவிடும், இப்போது தருவதைவிடக் குறைவு! ஆக, இத்தனை நாள் நீங்கள் விட்டுக்கொடுத்த பணம் பாதிக்கு மேல் தம்பிக்குப் போகவில்லை, மின்வாரியத்துக்குப் போயிருக்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி உங்கள் கணவர் கையில் கொடுத்து அனுப்புங்கள். நீங்கள் பேசினால் அண்ணி கணக்குப் பார்க்கிறாள் என்றாகிவிடும்.

சப்-மீட்டர் போதாதா என்று கேட்காதீர்கள். யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்று அது சொல்லுமே தவிர, வாரியத்தின் கணக்கில் நீங்கள் ஒரே வீடுதான். மாடிக்குத் தனி வாசலும் சமையலறையும் இருந்தால், சொத்து வரி ரசீது, பங்காளிகளின் சம்மதக் கடிதத்தோடு பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். இணைப்பு இன்னும் மாமனார் பெயரில் இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒரே குடும்பம் இரண்டு மீட்டர் வைத்து ஏமாற்றுவது வேறு விஷயம். ஆய்வில் பிடித்தால் இணைத்துவிடுவார்கள். உங்களுக்கு அந்தப் பயம் வேண்டாம், இருப்பதே இரண்டு குடும்பம்தான்.

இப்போது சோலாருக்கு வருவோம். அந்த விற்பனையாளர் ₹6,660-ஐ வைத்துக் கணக்குப் போட்டிருப்பார். இணைப்பைப் பிரித்தபின் உங்கள் பில் வருடத்துக்கு ₹7,800தான். மானியம் கைக்கு வந்து அதைக் கடனில் கட்டினாலும் ₹1,22,000 நிற்கும். 10 சதவீத வட்டி என்றால் வருடம் ₹12,200. பில் நிஜமாகவே பூஜ்யமானாலும் வட்டிக்கே பற்றாது, அசல் தனி. சோலார் கெட்டது என்று சொல்லவில்லை. கையில் சும்மா கிடக்கும் பணத்தில், யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கட்டுகிற வீட்டுக்கு அது சரி. நகையை வைத்து நாலே முக்கால் ரூபாய் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை. அப்புறம், ப்ளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு டப்பா விற்கிறார்களே, அதையும் வாங்கிவிடாதீர்கள்.

தொட்டிக்கு வருகிறேன். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். தினமும் அரை மணி வழிந்தால் இரண்டு மாதத்தில் 30 யூனிட், கூடவே போர்த் தண்ணீரும் சாக்கடைக்கு. நிரம்பியதும் தானே நிற்கும் சென்சாரை ஒரு எலக்ட்ரீஷியன் அரை நாளில் மாட்டித் தருவார். மோட்டார் உங்கள் மீட்டரிலேயே இருக்கட்டும், அது ஓடுகிற மின்செலவை மட்டும் தம்பியோடு பாதிப் பாதி போட்டுக்கொள்ளுங்கள்.