வாசகர் கேள்வி – பதில்: கொம்புத் திருக்கையின் அருகே நீந்தலாமா?

கேள்வி: வரும் ஆகஸ்டில் குடும்பத்தோடு மாலத்தீவு செல்கிறோம். பவளப்பாறைகளுக்கு இடையே மான்டா திருக்கைகளோடு நீந்தலாம் என்கிறார்கள். திருக்கை முள் குத்தித் துடித்தவர்களை எங்கள் கடற்கரையில் பார்த்து வளர்ந்தவள் நான். காற்று உருளை சுமந்து மூழ்கும் ஸ்கூபா பயிற்சியும் எங்களுக்கு இல்லை. போகலாமா? – ஒரு வாசகி, குளச்சல்

பதில்: நீச்சல் தெரிந்தால் தாராளமாகப் போகலாம். நீங்கள் அஞ்சும் நச்சு முள் மான்டாவுக்குக் கிடையாது. நம் மீனவர்கள் கொம்புத் திருக்கை என்று சொல்வது இந்த இனத்தைத்தான். கொம்பாகத் தெரிவது தலையின் இரு மடல்கள். நீந்தும்போது சுருட்டி வைத்துக்கொண்டு, இரை தேடும்போது அவற்றை விரித்து, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாய்க்குள் திருப்பிவிடும். ஆழ்கடல் மான்டாவின் அகலம் 7 மீட்டர் வரை போகும் என்றாலும் அதற்கும் உணவு அந்த நுண்ணுயிர்களே.

பயிற்சி இல்லையே என்ற கவலையும் வேண்டாம். மாலத்தீவின் ‘பா’ என்னும் பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் 2012 முதல் ஸ்கூபாவுக்கே அனுமதி இல்லை. முகமூடி, மூச்சுக்குழாய், துடுப்புக்காலணி ஆகியவற்றோடு மேற்பரப்பில் மிதந்துதான் எவரும் பார்க்க வேண்டும். ஜூனில் நம் கரையைக் கொந்தளிக்க வைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் நீரோட்டம் நுண்ணுயிர்களை அந்த விரிகுடாவுக்குள் தள்ளிச் சேர்ப்பதால், மே முதல் நவம்பர் வரை மான்டாக்கள் கூட்டமாக வரும். ஆகஸ்ட் நல்ல தேர்வு.

நீரில் இறங்கியபின் துரத்தாதீர்கள். அதன் வழியை மறிக்காமல், குறைந்தது 3 மீட்டர் தள்ளி, கைகால்களை அடிக்காமல் மிதந்தால் அதுவே நெருங்கி வரும். அப்போதும் தொடக் கூடாது. தோலின் மேலுள்ள வழுவழுப்பான படலம்தான் அதற்கு நோய்த்தடுப்பு. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். மிதவைச் சட்டை கேட்டு வாங்கி அணிவதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: நம் குமரிக் கடலில் இவற்றைப் பார்க்க முடியாதா? – ஒரு வாசகர், முட்டம்

பதில்: கரையிலிருந்து நீந்திப் பார்க்க நம் மாவட்டத்தில் இடமில்லை. இங்கே பாறையும் இழுப்பும் மிகுதி; முக்கடல் கூடும் இடத்தில் எவரும் முயலவே கூடாது. ஆனால் கொம்புத் திருக்கைகள் ஆழ்கடலில் இருக்கின்றன, வலையிலும் சிக்குகின்றன. அவற்றின் செவுள் தகடுகளைச் சீன மருந்துக்கென வாங்கும் வணிகம் பெருகியதால், 2013-இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை மான்டாக்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. ஏறத்தாழ ஓராண்டு சுமந்து பெரும்பாலும் ஒரே குட்டி ஈனும் உயிருக்கு, பிடிபட்ட எண்ணிக்கையை ஈடுகட்ட நெடுங்காலம் தேவைப்படும். வலையை அறுத்தால் இழப்பு யாருக்கு என்பது எனக்குத் தெரியும். ஆயினும் உயிரோடு சிக்கியதை விட்டுவிடுங்கள் என்றே தொழிலுக்குப் போகும் சகோதரர்களைக் கேட்டுக்கொள்வேன். விடும்போது கொம்பையோ செவுளையோ பிடித்துத் தூக்காமல், கொக்கி போடாமல், இயன்றவரை நீரிலேயே வைத்து வலையை நீக்க வேண்டும்.