வெள்ளைக்காரன் செஞ்சதுக்கு நாம ஏன் தலை குனியணும்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, இங்க சிட்னில ஆபீஸ் மீட்டிங் ஆரம்பிக்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் எந்திரிச்சு 'இது தாரக் மக்களோட நிலம், அவங்க பெரியவங்களுக்கு எங்க மரியாதை'ன்னு படிக்கிறாங்க (தாரக்னா இந்தப் பக்கத்து பூர்வகுடி மக்கள்), பையன் ஸ்கூல்லயும் அதேதான், நம்மளையும் அதே வெள்ளைக்காரன்தானே ஆண்டான், நேத்து வந்த நாம எதுக்கு இதுக்கெல்லாம் தலை குனியணும்னு கேட்டிருக்கீங்க. தலை குனியச் சொல்லி யாரும் கேக்கல. நடந்தத தெரிஞ்சுக்கோங்கன்னுதான் கேக்குறாங்க.

அதே வெள்ளைக்காரன்தான், இல்லேங்கல. ஆனா நம்மூர்ல அவன் ராஜாக்களோட ஒப்பந்தம் போட்டான், ஏமாத்துனான், வரி புடுங்குனான், அப்பவும் நிலம் இன்னாரோடதுன்னு ஏதோ ஒரு கணக்கு இருந்துச்சு. இங்க ஆஸ்திரேலியால 1788ல வந்து இறங்குனவன், எதிர்ல மனுஷங்க நிக்கிறத பாத்துக்கிட்டே, இது யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு எடுத்துக்கிட்டான். 1992ல எடி மாபோன்னு ஒரு பூர்வகுடிக்காரர் நில உரிமைக்காகப் போட்ட கேஸ்ல ஹை கோர்ட் அது தப்புன்னு சொல்ற வரைக்கும், 200 வருஷத்துக்கு மேல, சட்டம் அப்படியேதான் நின்னுச்சு.

நீங்க டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் வீடு பாக்குறதா சொன்னீங்கல்ல, அந்தப் பக்கத்துலயே பெமுல்வாய்னு ஒரு சபர்ப் இருக்கு, அது வெள்ளைக்காரன எதிர்த்து சண்டை போட்ட ஒரு பூர்வகுடி வீரரோட பேரு. 1797ல டூங்காபி பண்ணைய தாக்கி, பரமட்டா வரைக்கும் போய் சண்டை போட்டு, உடம்பெல்லாம் குண்டு வாங்கி பிடிபட்டு, அப்புறமும் தப்பிச்சவரு. 1802ல சுட்டுக் கொன்னாங்க, தலையை வெட்டி லண்டனுக்கு ஜோசப் பேங்க்ஸ்ங்கற விஞ்ஞானிக்கு அனுப்பி வெச்சாங்க, அந்தத் தலை எங்கன்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்கல. கட்டபொம்மன கயத்தாறுல தூக்குல போட்டது 1799, கணக்கு போட்டுக்கோங்க. நமக்கு கட்டபொம்மன் யாருன்னு ஒரு குழந்தைக்குக் கூட தெரியும், பெமுல்வாய்ல வீடு வாங்கி பத்து வருஷமா இருக்குற நம்மாளுங்ககிட்ட அது யாருன்னு கேட்டா பில்டரோட பேரான்னு கேக்குறாங்க!

மக்வாரி பேரும் அப்படித்தான், யூனிவர்சிட்டி, பேங்க், தெரு, எங்க பாத்தாலும் அவர்தான். 1816ல இங்க கவர்னரா இருந்த அவர் அனுப்புன சோல்ஜருங்க சிட்னிக்குத் தெக்க ஆப்பின்ல ராத்திரி நேரத்துல பூர்வகுடிங்கள பொம்பளைங்க குழந்தைங்கன்னு பாக்காம சுட்டு, மலை விளிம்புலேர்ந்து விழ வெச்சு, அரசாங்கக் கணக்குப்படியே குறைஞ்சது 14 பேர கொன்னாங்க. இந்த மாதிரி நடந்த இடங்கள நியூகாசில் யூனிவர்சிட்டி மேப் போட்டு வெச்சிருக்கு, 400க்கும் மேல இருக்கு, நெட்ல தேடிப் பாருங்க.

பழைய கதைதானே சார்னு அடுத்து கேப்பீங்க. கெம்ப்ஸி பக்கத்துல கிஞ்சேலான்னு ஒரு பாய்ஸ் ஹோம், அம்மா அப்பாகிட்டேர்ந்து புடுங்கிட்டு வந்த அபோரிஜினல், அதாவது பூர்வகுடி, பசங்கள அடைச்சு வெச்ச இடம், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, நம்பர்தான். அத மூடுனது 1970ல. அதுல வளந்தவங்க இன்னைக்கு உங்க அப்பா வயசுல உயிரோட இருக்காங்க. 1910லேர்ந்து 1970 வரைக்கும் பத்துல ஒரு குழந்தைக்கு குறையாம, சில இடத்துல மூணுல ஒண்ணு, இப்படி எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு 1997 விசாரணை ரிப்போர்ட் சொல்லுது. 2008ல பிரதமர் கெவின் ரட் பார்லிமென்ட்ல மன்னிப்பு கேட்டது இவங்ககிட்டதான்.

ட்ரூத் டெல்லிங்னு இவங்க சொல்றது இத வெளிய எடுத்து ரெக்கார்ட்ல ஏத்துறதத்தான். விக்டோரியா மாநிலத்துல 2021ல யூரூக்னு ஒரு கமிஷன் போட்டு பெரியவங்கள உக்கார வெச்சு கேட்டாங்க, பிரீமியரே, அதாவது மாநில முதல்வரே, வந்து கேள்விக்கு பதில் சொன்னாங்க, 2025ல ரிப்போர்ட் வந்துச்சு, நடந்தது இனப்படுகொலைன்னு அதுல எழுதியிருக்கு. குயின்ஸ்லாந்துல ஆட்சி மாறுனதும் அங்க தொடங்குன விசாரணைய நிறுத்திட்டாங்க. பூர்வகுடிகளுக்காக பார்லிமென்ட்டுக்கு கருத்து சொல்ல ஒரு அமைப்பு வேணுமான்னு நாட்டு மக்கள்கிட்ட ஓட்டு கேட்ட 2023 வாய்ஸ் ரெஃபரண்டம்லயும் கிட்டத்தட்ட 60% நோ. அதனால இங்க எல்லாரும் ஒரே மனசா மரியாதை செய்றாங்கன்னு நெனச்சுக்காதீங்க, பாதி ஆபீஸ்ல அது வெறும் சடங்குதான், எனக்கும் சில நேரம் எரிச்சல் வரும். ஆனா நடந்தத நடந்துச்சுன்னு ஒத்துக்கோங்கன்னு கேக்குறதோட வலி என்னன்னு நம்ம ஈழத்து சனங்கள்ல யார வேணா கேளுங்க, காணாமப் போன புள்ளைய தேடுற அம்மாக்கள் வருஷக்கணக்கா கேக்குறதும் இதத்தான்.

இன்னொண்ணு, நம்மாளுங்க பார்ட்டில ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு, அவங்களுக்கு கவர்மென்ட் சும்மா காசு குடுக்குது, குடிச்சுட்டு கெடக்குறாங்கன்னு. வெள்ளைக்காரங்ககிட்ட கேட்டத அப்படியே ஒப்பிக்கிறதுதான் அது. 1901லேர்ந்து 1973 வரைக்கும் நம்ம கலர்ல ஆள் வேணாம்னே பாலிசி வெச்சிருந்த நாடு இது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆபீஸ்ல அபோரிஜினல்னு சொல்றவர் பாக்க வெள்ளையா இருக்காரேன்னு நீங்க எத்தன பர்சன்ட்னு மட்டும் கேட்டுடாதீங்க, அவங்க குடும்பத்துல யார எப்ப புடுங்கிட்டுப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

பையன் நாமளும் நிலத்த எடுத்தோமான்னு கேட்டா, நாம எடுக்கல, ஆனா எடுத்த நிலத்துல கட்டுன வீட்டுலதான் இருக்கோம்னு சொல்லுங்க, எட்டு வயசுக்கு அது புரியும். ஜனவரி 26 அன்னிக்கு நம்ம சங்கத்துல குடியரசு தினக் கொடியேத்தம் இருக்கும், அத காலையில முடிச்சுட்டு சிட்னி விக்டோரியா பார்க்ல பூர்வகுடிங்க நடத்துற யாபுன் விழாவுக்கு அவன கூட்டிட்டுப் போங்க, டிக்கெட் கிடையாது, கார் எடுக்காதீங்க பார்க்கிங் கெடைக்காது, ரெட்ஃபெர்ன் ஸ்டேஷன்ல இறங்கி நடந்துடலாம்.