குறையுள்ள தீர்வையும் விட்டுவைக்கலாம், எங்கே பிழையாகும் என்று எழுதிவிட்டு

பலர் கூடி ஒரே கணக்கைப் பல நிரல்மொழிகளில் செய்துகாட்டும் தொகுப்பில் அரைகுறைத் தீர்வுகளுக்கும் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் போட்டதை யாரோ தூக்கிவிட்டார்கள் போல. என்னைக் கேட்டால் விட்டுவைக்கலாம், ஆனால் எதில் பிழையாகும் என்று பக்கத்தில் ஒரு வரி இருக்கவேண்டும். அந்த ஒரு வரி இல்லாமல் நான் பட்ட பாடு இது.

முல்லைத்தீவுப் பக்கம் ஒரு ரியூசன் நிலையத்தின் பரிசளிப்புக்குச் சான்றிதழ் அச்சடிக்க பைத்தன் என்ற நிரல்மொழியில் சின்ன நிரல் எழுதினேன். ஊர்ப்பெயர் கட்டத்துக்குள் அடங்கவேண்டும் என்று, 15 எழுத்தோடு வெட்டும் நிரல்துண்டு ஒன்றை எங்கிருந்தோ எடுத்துப் போட்டேன். அதை எழுதியவர் ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருக்கிறார், சொல்லவும் இல்லை. "முல்லைத்தீவு" தப்பிவிட்டது. "புதுக்குடியிருப்பு" நமக்கு 9 எழுத்து, பைத்தனுக்கோ 18, ஏனென்றால் அது உகரக் குறி, விசிறி (இகரக் குறி), புள்ளி எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணும். 40 சான்றிதழ் மட்டையில் "புதுக்குடியிருப" என்று வந்து நின்றது. மேடையிலேயே ஒரு பிள்ளை, "சேர், எங்கட ஊருக்கு வாலைக் காணேல்லை" என்றாள்.

நீங்கள் சொன்ன மாதிரித் தொகுப்பான ரோசெட்டா கோட் தளத்தில் (2007 முதல் இருக்கிறது) சொல்லைத் திருப்பிப் போடும் கணக்கு ஒன்று உண்டு. "கிளிநொச்சி"யைப் பைத்தனின் வழக்கமான ஒருவரி முறையில் திருப்பிப் பாருங்கள், முதலில் வருவது மெய்யே இல்லாத அநாதை விசிறி. வரவேண்டியது "சிச்நொளிகி". சுவிஃப்ட், எலிக்சர் என்ற நிரல்மொழிகள் அதைச் சரியாகத் தரும். அதற்காகப் பைத்தன் தீர்வைத் தூக்கினால் இந்த வித்தியாசமே யாருக்கும் தெரியாது, அப்புறம் அது என்ன ஒப்பீடு? நாம் ஒரே எழுத்தாக எண்ணும் "க்ஷ"வைச் சுவிஃப்டும் இரண்டாகத்தான் எண்ணும், அதையும் தூக்குவதா?

ஓடவே ஓடாத குப்பையையும் போடு என்று நான் சொல்லவில்லை, பைத்தன் ஆட்களும் சண்டைக்கு வரவேண்டாம், நானும் அதில்தான் சோறு தின்கிறேன்.

திரும்ப அடித்த 40 மட்டைக்கும் காசு என் கையிலிருந்துதான் போனது. சரி, பிழை என்னுடையது. ஆனால் முதலில் அடித்ததற்கான காசையும் அந்த நிலையம் இன்னும் தரவில்லை, கேட்டால் "அடுத்த தவணை தம்பி" என்கிறார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, வயிற்றெரிச்சல்.