மெத்தையில் விழும் பள்ளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ரப்பர் கலந்த தேங்காய் நார் மெத்தை ஒன்று வாங்கினோம். 78க்கு 60 அங்குல அளவு, 5 அங்குலக் கனம். என் கணவர் படுக்கும் பக்கத்தில் குழி விழுந்துவிட்டது. நான் ஓரத்தில் ஒதுங்கிப் படுத்தாலும் விடியும்போது அந்தக் குழியின் விளிம்பில்தான் கிடக்கிறேன். பழைய புடவைகளை மடித்துக் குழிக்குள் வைத்து மேலே விரிப்பைப் போட்டால் போதும் என்கிறார் என் மாமியார். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார் கடைக்காரர். யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: இரண்டு பேச்சையும் ஒரு நாள் ஒத்திவையுங்கள், அம்மா. பள்ளம் மெத்தையில் இருக்கிறதா, மெத்தையைத் தாங்கும் கட்டிலில் இருக்கிறதா என்பது முதலில் தெரிய வேண்டும். காலையில் விரிப்பை எடுத்துவிட்டு, யாரும் படுக்காமல் நான்கைந்து மணி நேரம் மெத்தையை அப்படியே விடுங்கள். பிறகு வளையாத நீண்ட கம்பி ஒன்றை, திரைச்சீலைக் கம்பியே போதும், மெத்தையின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புவரை குறுக்கே வைத்து, கம்பிக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியைப் பிள்ளைகளின் அடிக்கோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் மெத்தையைத் தரையில் இறக்கி அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். கட்டிலில் ஒன்றரை அங்குலம் காட்டிய பள்ளம் தரையில் கால் அங்குலமாகச் சுருங்கிவிட்டால், குற்றவாளி கட்டில்தான்.

இது அடிக்கடி நடப்பதுதான். என் வீட்டிலேயே, புதிய மெத்தை வாங்கிப் போட்ட மூன்றாம் மாதம் பழைய இடத்திலேயே பள்ளம் தெரிந்த பிறகுதான் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தோம். நடுவில் ஓடும் தாங்கு சட்டத்தின் ஒரு முனையில் திருகாணி கழன்று, சட்டம் இரண்டு விரற்கடை கீழே தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு திருகாணிகளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஒரு முழு மெத்தையின் விலையைக் கொடுத்திருந்தோம். அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டில்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். மூடியாக உள்ள பிளைவுட் பலகை மெலிதாக இருந்தால், ஆள் படுக்கும் இடத்தில் வளைந்து, நாளடைவில் அந்த வளைவிலேயே நின்றுவிடும். தச்சரிடம் சொல்லி அந்த இடத்தில் குறுக்குச் சட்டம் ஒன்றைக் கூடுதலாக அடிப்பதும், தேவையானால் பலகையை 18 மில்லிமீட்டர் கனமுள்ளதாக மாற்றுவதும் அரை நாள் வேலை.

தரையிலும் பள்ளம் அப்படியே இருந்தால், மெத்தையைத் தூக்கிய இடத்தில் கட்டில் பலகையைக் கையால் தடவிப் பாருங்கள். மூக்குப்பொடியைப் போலப் பழுப்பு நிறத் தூள் ஒட்டினால் நாரின் ஆயுள் முடிந்துவிட்டது என்று பொருள். நார் மெத்தை என்பது சுருட்டை சுருட்டையான தேங்காய் நாரின்மீது ரப்பர்ப் பாலைத் தெளித்து, உலர்த்தி, தாள் தாளாக அடுக்கி, சூட்டில் அழுத்திச் செய்வது. நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள ரப்பர்ப் பிடிப்புதான் அதன் துள்ளல். நாள்பட்ட ரப்பர் காய்ந்து வெடித்தால், அல்லது இடம் மாற்றும்போது மெத்தையைப் பாயைப்போல மடித்துக் கட்டிவிட்டால், அந்தப் பிடிப்புகள் ஒவ்வொன்றாக விட்டுப்போகும். விட்டதை மறுபடி ஒட்ட வைக்க எந்தக் கடையாலும் முடியாது.

மாமியாரின் யோசனையைப் பாதி ஏற்கலாம். நிரப்பலாம், மேலிருந்து அல்ல, கீழிருந்து. குழிக்குள் மேலிருந்து வைக்கும் புடவை இரவில் நகர்ந்து ஓரிடத்தில் குவியும். பள்ளத்தோடு ஒரு மேடும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதிலாக, மெத்தைக்கும் பலகைக்கும் இடையில், பள்ளம் உள்ள இடத்துக்கு நேர் கீழே, பழைய பருத்திப் போர்வையை மூன்று அளவுகளில் மடித்து வையுங்கள்: அடியில் பெரியது, அதன்மேல் அதைவிடச் சிறியது, நடுவில் மிகச் சிறியது. விளிம்பு படிப்படியாகச் சரிவதால் முதுகில் உறுத்தாது. மூன்றையும் நான்கு மூலையில் நூலோட்டித் தைத்துவிட்டால் நகராது. ஓர் அங்குலத்துக்கு உட்பட்ட பள்ளத்துக்கு இது சில மாதங்கள் தாங்கும். அதற்கு மேற்பட்ட பள்ளத்துக்குக் கடைக்காரர் சொன்னதே சரி. மேலே விரிக்கும் இரண்டு அங்குல ஃபோம் விரிப்பை வாங்கும்படி யாராவது சொன்னால் வேண்டாம். அது குழியின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும்.

தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றிப் போட்டால் சரியாகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். 78 அங்குல மெத்தையில் நடுத்தர உயரமுள்ளவரின் இடுப்பு ஏறக்குறைய மெத்தையின் நட்டநடுவில் வந்துவிடும். ஆகவே இப்போது திருப்பினால் உங்கள் கணவரின் பள்ளம் உங்கள் இடுப்புக்கு அடியில் வரும், அவ்வளவுதான். திருப்பிப் போடும் வேலையை மெத்தை புதிதாக இருக்கும்போதே, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பள்ளம் விழுவதற்கு முன்பாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: என் பாட்டிக்குச் சீராகக் கொடுத்த இலவம் பஞ்சு மெத்தை எங்களிடம் இருக்கிறது. இப்போது அங்கங்கே கட்டி தட்டி, நடுவில் துணியோடு துணி ஒட்டிக் கிடக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை. இதைச் சரிசெய்ய முடியுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும். சொல்லப்போனால், முழுதாகப் பிரித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரக்கூடியவை இந்தப் பஞ்சு மெத்தைகள் மட்டும்தான். இலவம் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளே காற்று நிறைந்த குழாய். வெளியே மெழுகுப் பூச்சு. அதனால்தான் அது நீரை எளிதில் உறிஞ்சாது, மிதக்கும். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மேலங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். படுக்கப் படுக்க இழைகள் நசுங்கி நெருங்குகின்றன. வெயிலில் காய வைத்து உதறினால், உடையாத இழைகளுக்கு இடையில் மீண்டும் காற்றுப் புகுந்து பஞ்சு உப்பிவிடும். உடைந்தவை தூளாக உதிரும். எனவே பாட்டியின் பஞ்சில் எவ்வளவு மிச்சம் தேறும் என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மெத்தைத் தையல்காரரிடம் கொடுக்கும் முன்பு ஓரத் தையலை ஒரு சாண் பிரித்து ஒரு பிடி பஞ்சை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல இலவம் பஞ்சு பட்டுப்போல மின்னும். விரல்களுக்கு இடையில் வழுக்கும். மங்கலாக, சொரசொரப்பாக, இழுத்தால் நூலாகத் திரிந்து வந்தால் அதில் பருத்திக் கழிவு கலந்திருக்கிறது. பருத்தி ஈரத்தை உறிஞ்சுவதால் கட்டி தட்டுவது பெரும்பாலும் அதன் வேலைதான். பிடித்த பிடியில் பாதி தூளாகவே இருந்தால், அந்தப் பஞ்சை மெத்தைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்; நினைவுக்காக இரண்டு தலையணைக்குத் தேறினால் சரி.

தேறும் என்று தெரிந்தால், வேலையை வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ உங்கள் கண்ணெதிரே செய்யச் சொல்லுங்கள். பிரித்த பஞ்சை எடை போட்டுக் குறித்துக்கொண்டு, தூளும் விதையும் போன பிறகு மறுபடி எடை போட்டு, குறைந்த அளவுக்கு மட்டும் புதுப் பஞ்சு சேர்த்தால் கணக்கில் குழப்பம் வராது. புதுப் பஞ்சுக்குப் போடிநாயக்கனூர்ப் பக்கம் பெயர் பெற்றது; பங்குனி, சித்திரையில் காய் வெடிக்கும் காலத்தை ஒட்டி வாங்கினால் அந்த ஆண்டுப் பஞ்சு கிடைக்கும். பருத்தியைக் கொட்டுவதுபோல் இலவம் பஞ்சை ஓங்கி அடிக்க விடாதீர்கள். இழை எளிதில் ஒடிவது. அடைத்து முடித்ததும் மேலும் கீழும் சேர்த்துக் குத்திக் கட்டும் முடிச்சுகளை நெருக்கமாக, ஒரு சாணுக்கு ஒன்றாகவாவது போடச் சொல்லுங்கள். கூலியை மிச்சப்படுத்த முடிச்சைக் குறைத்த மெத்தையில்தான் பஞ்சு ஓரத்துக்கு ஓடி நடுவில் துணி மட்டும் மிஞ்சுகிறது. வேலை நடக்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் பீடி, கொசுவர்த்தி எதுவும் கூடாது. இந்தப் பஞ்சு சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பிறகு மாதம் ஒரு முறை வெயில். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த வெயில் பஞ்சுக்கு மட்டும்தான். ஃபோம் மெத்தையையும் லேட்டக்ஸ் மெத்தையையும் மொட்டை மாடியில் காய வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. நேர் வெயில் பட்டால் அவை மஞ்சளித்து, பொறுபொறுவென்று உதிரத் தொடங்கும். அவற்றுக்கு நிழலும் மின்விசிறிக் காற்றும் போதும்.

கேள்வி: மெத்தை தொய்ந்ததிலிருந்து எனக்குக் காலையில் இடுப்பு வலி. கட்டாந்தரையில் பாய் விரித்துப் படுப்பதே நல்லது, மெத்தை எவ்வளவு கடினமோ அவ்வளவு முதுகுக்கு நன்மை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: தொய்ந்த மெத்தை கெடுதல் என்பதிலிருந்து, கல்லைப்போன்ற மெத்தை நல்லது என்ற முடிவுக்கு நம்மவர்கள் தாவிவிட்டார்கள். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரை ஸ்பெயினில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கடின மெத்தையும் மற்றதற்கு நடுத்தரக் கடினமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கவனித்த ஆய்வொன்று 2003ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் சற்றே அமிழ இடம் வேண்டும். கட்டாந்தரை அதைத் தராது. பாயில் நன்றாகத் தூங்குகிறவரை நான் எழுப்பிக் கட்டிலில் படுக்கச் சொல்லவில்லை.

உங்கள் வலி மெத்தையால்தானா என்று பார்க்க, ஒரு வாரம் வேறு அறையில், வேறு படுக்கையில் படுத்துப் பாருங்கள். எழுந்து நடமாடிய அரை மணியில் குறைந்துவிடும் வலி, அந்த வாரத்தில் வராமலே போனால் மெத்தையை மாற்றலாம். வலி காலுக்கு இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, படுக்கையை மாற்றியும் குறையாவிட்டாலோ மெத்தைக் கடைக்குப் போகாதீர்கள், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பத்தாண்டு உத்தரவாதம் என்று சொல்லி விற்ற ஃபோம் மெத்தையில் இரண்டாம் ஆண்டே பள்ளம். நிறுவனத்திலிருந்து வந்தவர் அளந்துவிட்டு, 25 மில்லிமீட்டர் இருந்தால்தான் மாற்றித் தருவோம், இது 20தான் என்று சொல்லிப் போய்விட்டார். இனி என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அட்டையில் பொடி எழுத்தில் உள்ளதை இப்போதாவது முழுதாகப் படியுங்கள். பள்ளத்தின் ஆழத்துக்கு ஓர் அளவு, கறை பட்டிருந்தால் உத்தரவாதம் இல்லை என்ற ஒரு வரி, சமதளமான கட்டிலில்தான் போட்டிருக்க வேண்டும் என்ற ஒரு வரி ஆகியவை பெரும்பாலும் இருக்கும். முதல் சில ஆண்டுகளுக்கு மட்டும் முழு மாற்று, அதன்பின் ஆண்டுக்கு ஏற்ப விலையில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்றும் இருக்கலாம். பத்தாண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டதை நம்பிக் காத்திருந்தால் இலவு காத்த கிளியின் கதைதான்.

ஆகவே அளவை நீங்களும் எடுங்கள். முதல் பதிலில் சொன்ன கம்பி முறையில், அடிக்கோலின் எண் தெரியும்படி, தேதியோடு மாதம் ஒரு முறை படம் எடுத்து நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். தொலைபேசியில் மட்டும் பேசாதீர்கள். கட்டில் சமமாக இருப்பதைக் காட்டும் படமும் ஒன்று இருக்கட்டும். பள்ளம் அட்டையில் உள்ள அளவைத் தாண்டிய பிறகும் மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். விற்றவரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய்வரையிலான பொருளுக்குக் கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: புதிய ஃபோம் மெத்தை வாங்கும்போது அது சீக்கிரம் தொய்யுமா என்பதைக் கடையிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கையால் அழுத்திப் பார்ப்பதால் பயனில்லை, மட்டமான ஃபோமும் புதிதில் விறைப்பாகத்தான் இருக்கும். ஃபோமின் அடர்த்தியைக் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். தினமும் படுக்கும் மெத்தைக்கு 32க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. 40 இன்னும் நல்லது. வாய்ச் சொல்லில் நம்பிக்கை இல்லையென்றால் எடை போடச் சொல்லுங்கள். 6 அடிக்கு 3 அடி, 5 அங்குலக் கனமுள்ள ஃபோம், 32 அடர்த்தியில் ஏறத்தாழ 6.8 கிலோ இருக்கும். உறையின் எடை தனி. 20 அடர்த்தியில் அது 4.2 கிலோதான். சுண்ணாம்புத் தூளைக் கலந்து எடையைக் கூட்டுகிறவர்களும் உண்டு என்பதால், எடை சரியாக இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. ஆனால் எடை குறைந்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

பழைய ஃபோமைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தாதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். உறையைக் கிழித்துத் துடைக்கும் துணியாக்கிக்கொண்டு, ஃபோமைப் பழைய பொருள் எடுப்பவரிடம் விசாரியுங்கள். துண்டாக்கி மறுபடி அழுத்திச் செய்யும் மெத்தைகளுக்கு அது போகும்.