13 வயதுப் பையனுக்கு எந்த அலமாரி?

அன்புள்ள ஐயா,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். மகன் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறான், 13 வயது. லீவு விட்டதிலிருந்து கையில் போன்தான். வெளியே விளையாட அனுப்பலாம் என்றால் பத்து மணிக்கே தெருவில் கால் வைக்க முடியவில்லை. சின்ன வயதில் கதை சொன்னால்தான் தூங்குவான். இப்போது புத்தகம் என்றாலே எழுந்து போய்விடுகிறான். நீதிக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இது சின்னப் பசங்களுக்கும்மா" என்று தங்கையிடம் தள்ளிவிட்டான். சரி, பெரிய புத்தகமாகவே இருக்கட்டும் என்று பொன்னியின் செல்வன் 5 பாகமும் வாங்கினேன். 30 பக்கம்கூடத் தாண்டவில்லை. இங்கிலீஷ் புத்தகமாக வாங்கிக் கொடு, பின்னால் உதவும் என்கிறார் வீட்டுக்காரர். நல்ல கருத்துள்ள, அவனுக்குப் பயன்படுகிற 10 புத்தகங்கள் சொல்வீர்களா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீதிக்கதைப் புத்தகத்தை அவன் தள்ளிவிட்டதை வருத்தமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல சேதியாகப் படுகிறது. வாசிப்பே பிடிக்காதவன் அட்டையைக்கூடத் திறந்திருக்க மாட்டான். உங்கள் மகன் புரட்டிப் பார்த்து, இது என் வயதுக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறான். அவன் சொன்னதும் சரிதான்.

சிக்கல் நம் அலமாரிகளில் இருக்கிறது. எந்த நூலகத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். சிறுவர் பகுதியில் பெரிய எழுத்து, பக்கத்துக்குப் பக்கம் படம், பேசும் முயல், பேசும் நரி. அதைத் தாண்டினால் நேரே பெரியவர்களின் நாவல்கள். 12 வயதிலிருந்து 15 வரை உள்ள பிள்ளைக்கென்று நடுவில் ஒரு தட்டு இருப்பது அபூர்வம். ஐந்தாம் வகுப்பு வரை ஆசையாகப் படித்த பல பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். அதனால் அவனைப் பெரியவர்கள் பக்கத்துக்கே கூட்டிப் போங்கள் என்கிறேன். அவன் வயதுப் பிள்ளைகள் ஓடியாடும் கதைகள் அங்கே நிறைய இருக்கின்றன. சிறுவர் இலக்கியம் என்று அட்டையில் போடாததால் நாம் எடுத்துக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

கு. அழகிரிசாமியிலிருந்து தொடங்குங்கள். 'அன்பளிப்பு' என்று ஒரு சிறுகதை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிற ஒருவர். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தூங்கி எழுவதற்குள் பிள்ளைகள் கூட்டமாக வந்து எழுப்பிவிடுகிறார்கள், புத்தகம் எங்கே என்று வீட்டையே கலைக்கிறார்கள். அந்த ரகளையை அழகிரிசாமி எழுதியிருக்கும் விதத்தில் நாமும் அந்த அறையில் நிற்பது போலிருக்கும். அப்புறம் டைரி வருகிறது. இரண்டு பேருக்குக் கிடைக்கிறது, ஸாரங்கன் என்கிற பையனுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அவன் என்ன செய்கிறான் என்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. விளையாட்டில் கடைசி ஆளாகச் சேர்க்கப்பட்ட எந்தப் பையனுக்கும் அந்த முடிவு யாரும் விளக்காமலே புரியும். உங்களுக்கும் தொண்டை அடைக்கும். இந்தக் கதையின் பெயர் கொண்ட தொகுப்புக்குத்தான் 1970இல், அவர் மறைந்த பிறகு, சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இதைப் படித்து முடித்தானானால் 'ராஜா வந்திருக்கிறார்' கதையை அவனே தேடுவான்.

அடுத்தது கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்'. பறவை முட்டை தேடி அலைகிற ஒரு பையனின் கதை, சிறிய புத்தகம். கரிசல் பேச்சு நம் பக்கத்துப் பிள்ளைக்கு முதலில் கொஞ்சம் தட்டும். புரியாத சொல்லுக்கு நிற்காமல் போகச் சொல்லுங்கள், சில பக்கங்களில் காது பழகிவிடும்.

போனை விட மாட்டேன் என்கிற பையனுக்கு சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பொருத்தமாக இருக்கும். ஜீனோ என்ற இயந்திர நாய் அதில் பேசும், யோசிக்கும், மனிதர்களைவிட நன்றாகவே யோசிக்கும். போனோடு பேசிப் பதில் வாங்கிப் பழகிய தலைமுறைக்கு, இதை 1980களில் ஒருவர் எழுதினார் என்பதே ஆச்சரியமாக இருக்கும். காமிக்ஸ் கேட்டால் வாங்கிக் கொடுங்கள், முகம் சுளிக்காதீர்கள். 1972இல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்கள் பலர் பிறகு கனமான நாவல்களுக்கு வந்து சேர்ந்தார்கள்.

பொன்னியின் செல்வனை மூலையில் போட்டுவிடாதீர்கள். 1950 முதல் 1954 வரை வாரா வாரம் கல்கி இதழில் வந்த தொடர் அது. அடுத்த வாரம் வரை வாசகர் காத்திருக்க வேண்டும் என்றே ஒவ்வொரு அத்தியாயமும் ஓரிடத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். 5 பாகத்தையும் ஒரே நேரத்தில் மேஜைமேல் அடுக்கினால் யாருக்குமே மலைப்பாகத்தான் இருக்கும். முதல் பாகத்தை மட்டும் வெளியே வையுங்கள், மற்ற நாலும் பீரோவில் இருக்கட்டும். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே ஓர் அத்தியாயம் சத்தமாகப் படியுங்கள். கதை சொன்னால் தூங்குகிற பிள்ளை என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? 13 வயதிலும் அந்தக் காது போய்விடாது. தங்கைக்குப் படிக்கிறேன் என்று ஆரம்பியுங்கள், அவன் தானாக வந்து உட்காருவான். கூடவே ஒரு விஷயம் சொல்லுங்கள்: வந்தியத்தேவன் வாணர் குலத்தவன். அந்த வாணர்களின் தலைநகரம் காட்பாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் திருவல்லம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் தாழ அங்கே கோயிலுக்குக் கூட்டிப் போய் வந்தீர்களானால், குதிரையில் வருகிற அந்த ஆள் அவனுக்கு ஊர்க்காரன் ஆகிவிடுவான்.

இங்கிலீஷ் பற்றி உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இங்கிலீஷுக்காக ஒரு புத்தகம் என்று கொடுத்தால் அது டியூஷன் ஆகிவிடும். தெரிந்த ஊர் வருகிற புத்தகமாகப் பாருங்கள். கென்னத் ஆண்டர்சன் ஏலகிரி மலையில் ஆட்கொல்லிச் சிறுத்தையைத் தேடிப்போனதை எழுதியிருக்கிறார். ஜோலார்பேட்டையில் ரயில் நிற்கும்போதெல்லாம் பார்க்கிற மலை அது. பாதிச் சொல் புரியாவிட்டாலும் இடம் தெரிந்திருப்பதால் கதை கையைப் பிடித்து இழுத்துப் போகும். இன்னொன்று, டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டிலிருந்து ஆள் வருகிறார்கள், மனைவிக்குப் பிரசவம், பெண் ஒருவர் வந்து பார்க்க வேண்டும் என்று. ஐடாவின் அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்கிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோகிறார்கள். அமெரிக்கா திரும்பி வேறு வாழ்க்கை வாழ நினைத்திருந்த ஐடா மருத்துவம் படித்து, 1900இல் இங்கே திரும்பி வந்தார். 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அவர் தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை வாசலில் டோக்கனுக்கு நின்றிராத குடும்பம் நம் பக்கத்தில் உண்டா? அந்த வாசலுக்குப் பின்னால் இப்படி ஒரு இரவு இருக்கிறது என்று அவன் தெரிந்துகொள்ளட்டும்.

"நல்ல கருத்துள்ள புத்தகம்" என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் மட்டும் நான் உங்களோடு உடன்படவில்லை. புத்திமதி சொல்ல வருகிற புத்தகத்தை 13 வயதுப் பிள்ளை இரண்டாவது பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும். பள்ளியிலும் வீட்டிலும் வருடம் முழுக்கக் கேட்பது அதுதானே. லீவிலாவது விட்டுவிடலாம். எங்கள் பக்கத்து மனிதர் மு.வ.வின் 'அகல் விளக்கு', 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல், வாலாஜாபேட்டைப் பையன்களின் நட்பைச் சொல்வது. எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் அறிவுரை அதிகம் என்பதால் இப்போது வேண்டாம், பத்தாம் வகுப்பு முடியட்டும் என்பேன்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' சின்னஞ்சிறு புத்தகம். வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரு பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதை அவளுடைய ஆசிரியை சொல்கிறார். அதில் மரணம் வருகிறது. அதனால் முதலில் நீங்கள் படியுங்கள், அவன் படிக்கும்போது பக்கத்தில் இருங்கள். எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் தொல்லை பற்றியது. அதை இரண்டு பிள்ளைகளுமே படிப்பது நல்லது. கீழடி பிடிக்குமென்றால் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இருக்கிறது.

இதற்கு மேல் பட்டியல் வேண்டாம். 10 புத்தகத்தையும் நீங்களே வாங்கி அடுக்கினால் பழைய கதைதான். நூலகத்துக்குக் கூட்டிப் போய் அவன் கார்டில் அவன் எடுக்கட்டும். நாம் கட்டுகிற வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. அந்த அலமாரிகளுக்கு ஏற்கெனவே பணம் கொடுத்திருக்கிறோம், கூச்சப்படாமல் போங்கள். அவன் எடுப்பது துப்பறியும் கதையாக இருக்கலாம், கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையாக இருக்கலாம். ஒன்றும் சொல்லாதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து அங்கேயே நின்று படித்துப் பார்க்கச் சொல்லுங்கள், பக்கம் திருப்பத் தோன்றினால் எடுக்கலாம். பிடிக்காவிட்டால் பாதியில் விட அவனுக்கு முழு அனுமதி உண்டு. படித்ததைச் சொல் பார்க்கலாம் என்று பரீட்சை வைக்கவே கூடாது. 20 பக்கம் படித்தால் போன் தருகிறேன் என்கிற பேரமும் வேண்டாம், புத்தகம் தண்டனையாகிவிடும். வைகாசி முதல் தேதி உங்கள் ஊரில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். அந்த நாட்களில் புத்தகப் பேச்சையே எடுக்காதீர்கள், ஊரைச் சுற்றட்டும்.

மத்தியானம் அவன் கண்ணில் படுகிற மாதிரி நீங்களும் எதையாவது படித்துக்கொண்டிருங்கள். 'அன்பளிப்பு' படித்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அவன் எந்தப் புத்தகத்தை எந்த இடத்தில் விட்டான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்து எதைச் சொல்லலாம் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரியும்.

அன்புடன்.