யாருக்கான தரம்?

கேள்வி: மென்பொருள் சோதனைக் குழுவில் வேலை பார்க்கிறேன். "தரம் நூற்றுக்கு எத்தனை?" என்று மேலாளர் மாதாமாதம் கேட்கிறார். பிழைகள் பாதியாகக் குறைந்துவிட்டன என்கிறார்கள் புரோகிராமர்கள். பயன்படுத்துகிறவர்களோ முன்பைவிட அதிகமாகக் குறை சொல்கிறார்கள். நான் எந்த எண்ணைக் கொடுப்பது?
– வாசகி ஒருவர்

பதில்: ஒற்றை எண் கொடுக்காதீர்கள். பல வருடம் உங்கள் இடத்தில் இருந்தவன் என்பதால் அழுத்தியே சொல்கிறேன்.

நான் சோதித்த ஒரு கணக்கு மென்பொருள் வெளியான அன்று, பட்டியலில் ஒரு பிழைகூட இல்லை. ஒரு வாரம் கழித்து, அதில் நாள் முழுக்க பில் பதிகிற பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஒரு பில்லைச் சேமிக்க 9 விநாடி. ஒரு நாளைக்கு 200 பில். ஆக, தினமும் அரை மணி நேரம் அவர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா காத்திருந்தார். மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் எழுதிவைக்கும் எங்கள் தேவைப் பட்டியலில் வேகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால் அது பிழையாகவே பதிவாகவில்லை. எனக்கு அன்று மிகவும் வருத்தமாக இருந்தது.

மென்பொருள் தரத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 25010, 2011-இல் தரத்தை எட்டுப் பண்புகளாகப் பிரித்தது. 2023-இல் அது ஒன்பதானது. ஆனால் எந்தப் பண்பு யாருக்கு முக்கியம் என்பதை நாம்தான் கேட்டு அறிய வேண்டும். பில் பதிகிறவருக்கு வேகம். நிர்வாகிக்கு நிற்காமல் ஓட வேண்டும். நாளைக்கு அந்தப் புரோகிராமைத் திருத்தப் போகிறவருக்கு, ஒரு இடத்தைத் தொட்டால் இன்னொரு இடம் உடையக் கூடாது. சில சமயம் இவை மோதிக்கொள்ளும்: ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்டால் பாதுகாப்பு கூடும், வேலை தாமதமாகும்.

சதவீதத்தையும் அப்படியே நம்பாதீர்கள். மென்பொருள் 99.9 சதவீத நேரம் இயங்கியது என்றால், மாதத்தில் சுமார் 43 நிமிடம் நின்றிருக்கிறது. அது நள்ளிரவிலா, சம்பளம் போடும் நேரத்திலா என்பதை அந்த எண் சொல்லாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குறைந்த பிழைகள் எவை, மிச்சம் இருப்பவை எவை என்று பாருங்கள். யாரும் திறக்காத திரைகளில் பாதியைச் சரிசெய்துவிட்டு, தினமும் இடறுகிற நாலைந்தை விட்டிருக்கலாம். அப்புறம், பயன்படுத்துகிறவர்களிடம் நேரில் போய், "எது நடந்தால் இதைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பெண் என்னிடம், "2 விநாடிக்குள் சேமித்தால் போதும்" என்றார். அடுத்த வெளியீட்டின் தேவைப் பட்டியலில் அதைத்தான் முதல் வரியாக எழுதினோம். மேலாளரிடமும் அப்படியே ஒரு பக்கம் கொடுங்கள்: யாருக்கு, என்ன வேண்டும், இப்போது எவ்வளவு இருக்கிறது.